பன்றிப் பண்ணையும் பழந்தின்னி வௌவாலும்

சாலாக் செலாத்தான் வாசகர் ஒருவர் ‘கண்டேஜியன்’ (2011) படத்தைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் நடக்கக்கூடியதா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். நடந்தது. படத்துக் கிருமிக்கு முன்மாதிரியான நிப்பா, அவருக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்தில்தான் பிடிபட்டது.

1998 செப்டம்பர் தொடங்கி ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்கள் காய்ச்சலில் விழுந்து நினைவிழந்தார்கள். கொசு பரப்பி, பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அதற்குள் நோய்ப் பன்றிகள் லாரியேறி நெகிரி செம்பிலானுக்குப் போய்விட்டன.

துப்பு கண்ணெதிரே கிடந்தது. கொசு இனம் பார்த்துக் கடிக்காது. பன்றியை நெருங்காத பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களுக்கோ ஒன்றுமில்லை. படுத்தவர்கள் பிள்ளைகள் அல்லர், பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் தப்பவில்லை. பன்றிகளே பலமாக இருமின. யாருக்கு நோய் வரவில்லை என்று கேட்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆயிற்று. மலேசியாவில் 265 பேருக்கு நோய். 105 பேர் இறந்தார்கள்.

1999 மார்ச்சில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவட நீரில் இருந்த கிருமியை வளர்த்தார். நெருக்கி ஊற்றிய ஊத்தப்பங்கள் போல செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி அப்படிச் செய்யாது. மாதிரியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்: வேறு குடும்பம், ஆஸ்திரேலியாவில் 1994-இல் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ராவின் உறவு. பிறகு ராணுவம் இறங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

சுவையான கட்டம் இதற்குப் பிறகுதான். ஹெண்ட்ரா பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது என்பதால் சந்தேகம் இங்கும் அதன்மேல் விழுந்தது. வௌவாலைப் பிடித்து ரத்தம் எடுத்தால் எதிர்ப்புப் பொருள் தெரிந்தது; கிருமி சிக்கவில்லை. சுவா குழு தியோமான் தீவில் வௌவால் தொங்கும் மரங்களின் கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பியது. இரை தேடிவிட்டு விடியலில் திரும்பும் வௌவால்கள் மூத்திரம் பெய்யும். விரிப்பில் விழுந்த சொட்டுகளைத் துடைத்து எடுத்தார்கள். அதில் இருந்தது நிப்பா! கடித்துப் போட்ட ஜாம்பு பழத்திலும் இருந்தது.

பழி முழுவதையும் வௌவால் தலையில் கட்டுவது நியாயமில்லை. பழமரத்தடியில் பன்றிக் கொட்டகை போட்டவர் மனிதர். வங்காளதேசத்தில் இரவில் வௌவால் நக்கிய பச்சைப் பேரீச்ச மரச் சாற்றால் நோய் வந்தபோது, மரத்தின் சீவிய பகுதியையும் கலயத்தையும் மூங்கில் தட்டியால் மூடச் சொன்னார்கள். வௌவாலைச் சுடச் சொல்லவில்லை. அதே தியோமான் வௌவால்கள்தாம் தீவின் டுரியான் பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கின்றன என்று 2017-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.