எடைக்கு முன்னால் மூச்சைப் பாருங்கள்

2024 ஏப்ரலில், உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்காகச் சென்னையை அடுத்த பம்மலுக்குச் சென்ற 26 வயதுப் புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தியது. அந்த மரணத்துக்குத் தீர்ப்புச் சொல்வது இங்கே நோக்கமல்ல. ஆனால் இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் செலவைக் கேட்கிறார்கள், எத்தனை கிலோ குறையும் என்று கேட்கிறார்கள். தங்கள் இதயமும் நுரையீரலும் எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்று மட்டும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு ஏறுகையில் பாதி வழியில் உட்காரவைக்கும் மூச்சிரைப்பு, படுத்தபடி எடுக்கும் இசிஜியில் தெரியாமல் போகலாம். உடல் உழைக்கும்போது எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளந்தால்தான் தெரியும். முகமூடி மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தோ நடந்தோ செய்யும் சோதனை அது. அமெரிக்காவில் இந்த அறுவை சிகிச்சைக்கு முன் 109 பேரை இப்படிச் சோதித்த ஆய்வு 2006-இல் வெளியானது. ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 15.8 மில்லிலிட்டருக்குக் குறைவாக ஆக்சிஜன் பயன்படுத்தியவர்களில் 16.6 சதவீதத்தினருக்கு மாரடைப்பு, ரத்தக்கட்டி, மரணம் போன்ற கடும் விளைவுகள் நேர்ந்தன, மற்றவர்களில் 2.8 சதவீதத்தினருக்கே. சிறிய ஆய்வுதான். ஆனாலும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒதுக்கிவிட முடியாது.

அதிகம் நடக்க முடியாதவரை எப்படிச் சோதிப்பது என்று கேட்கலாம். அவருக்கும், இந்தச் சோதனைக்கான கருவி இல்லாத இடத்திலும், ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பதே பயனுள்ள தகவல். அறுவைக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்பது இன்னொரு வாதம். எடை குறைவதால் ஒரு கிலோவுக்கான ஆக்சிஜன் கணக்கு உயரும். உடலின் மொத்தத் திறன் தானாக உயர்வதில்லை. கொழுப்போடு தசையும் கரைவதால், பயிற்சி இல்லாவிட்டால் அது குறையவும் செய்யும். சோதனையில் குறைந்த அளவு வந்தால் சிகிச்சையே கூடாது என்று பொருளல்ல. கடும் உடல்பருமனைத் தள்ளிப்போடுவதிலும் ஆபத்து உண்டு. சில வாரம் மருத்துவர் மேற்பார்வையில் நடைப்பயிற்சி, மூச்சுப் பயிற்சி, குறட்டையோடு மூச்சு நின்றுபோகும் தொல்லைக்குச் சிகிச்சை, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை என ஆயத்தமாகலாம்.

இதயமும் நுரையீரலும் தாங்குமா என்று கேட்பது உங்கள் உரிமை. ஆபத்தும் மாற்றுவழியும் சொல்லிப் பெறுவதே உண்மையான ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாக்கியது. கையெழுத்து மட்டும் ஒப்புதலாகாது. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், 35 அல்லது அதற்கு மேல் இருந்து இதயநோயோ கட்டுப்படாத சர்க்கரையோ உள்ளவர்களுக்கும், மருத்துவர் பரிந்துரைத்திருந்தால், உடல்பருமன் என்ற காரணத்தை மட்டும் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் பொதுவாக மறுக்க இயலாது. பாலிசியின் மற்ற நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள். கட்டணச் சிகிச்சையில் அலட்சியம் நேர்ந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. மருத்துவர் மீதான புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம்.

அறுவைக்கு நாள் குறிக்குமுன், என் இதயமும் நுரையீரலும் இதைத் தாங்குமா, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.