புதுக் குட்டி வந்த வீட்டில் பழைய பூனை

“ரெண்டு நாள் அடிச்சுக்கும், அப்புறம் தானாப் பழகிடும்” என்று சொல்லித்தான் பல வீடுகளில் புதுப் பூனைக்குட்டியை நேராகக் கூடத்தில் இறக்கிவிடுகிறார்கள். சில வீடுகளில் பழகியும் விடுகிறது. பழகாத வீடுகளில் பத்து வயதுப் பூனை அலமாரி மேலேயே கிடக்கிறது, வைத்த சாப்பாட்டைத் தொடுவதில்லை, கட்டிலில் சிறுநீர் கழிக்கிறது. “அதுக்குக் குணம் கெட்டுப்போச்சு” என்று சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு.

குணம் கெடவில்லை. பூனை தனியாக வேட்டையாடும் பிராணி. கதவு நிலை, நாற்காலிக் கால் என்று எல்லா இடத்திலும் கன்னத்தைத் தேய்த்து வாசனை வைத்திருக்கிறது. அந்த வாசனைதான் அதற்கு வீடு. முன்பின் அறியாத வாசனையோடு ஓர் உயிர் திடீரென்று நடுவில் வந்து நின்றால் அது பயப்படும். அந்தப் பயத்துக்கு அவகாசம் தருவது நம் கடமை.

ஆகவே முதல் இரண்டு வாரம் குட்டிக்குத் தனி அறை. சிறிய வீடென்றால் குளியலறைகூடப் போதும். இதற்கு நோய்க் காரணமும் உண்டு. பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய் வாந்தி, பேதி, காய்ச்சலோடு வந்து குட்டிகளைச் சில நாட்களில் கொன்றுவிடும். தடுப்பூசி போடாத பெரிய பூனையையும் விடாது. தொற்றிய பிறகு அறிகுறி தெரிய 10 நாள் வரை ஆகலாம். அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே குட்டியைத் தூக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பழைய பூனையைத் தொட வேண்டும். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடச் சொல்வார்கள். வெறிநோய் ஊசி தனி. தெள்ளுப்பூச்சிக்கு நாய் மருந்தைத் தடவிவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனையின் உயிருக்கே ஆபத்து.

பழக்குவது மூக்கிலிருந்து தொடங்க வேண்டும். குட்டி படுத்த துணியைப் பெரியதன் பக்கத்திலும், பெரியதன் துணியைக் குட்டியிடமும் வையுங்கள். பிறகு மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு. அது அமைதியாக நடந்தால் வலைக் கதவு வழியாகப் பார்க்கவிடலாம். நேரில் விடுவது அதற்கப்புறம்தான், அதுவும் சில நிமிடம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. பெரியது சீறினால் அதட்ட வேண்டாம். சீறுவது “தள்ளிப் போ” என்ற எச்சரிக்கை. அதைக் குட்டி கற்றுக்கொள்ளட்டும். காதை மடக்கித் துரத்தினாலோ, மூலையில் மடக்கினாலோ பிரித்துவிட்டு, முந்தைய படிக்குத் திரும்புங்கள். இரண்டு பூனைக்கு மூன்று மணல் தட்டு, வெவ்வேறு இடங்களில். குட்டி ஏற முடியாத ஓர் இடம் பெரியதற்குக் கட்டாயம் வேண்டும். மூட்டுவலி உள்ள கிழப்பூனையென்றால் அங்கே ஏற ஒரு படி வைத்துக் கொடுங்கள்.

மன அழுத்தம் சிறுநீர்ப்பையைத் தாக்கும். கடுவன் பூனை மணல் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லையென்றால், மலச்சிக்கல் என்று வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். அடைப்பாக இருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரவானாலும் மருத்துவரிடம் ஓடுங்கள். ஒரு முழு நாள் சாப்பிடாத பூனையையும் காட்ட வேண்டும். பட்டினி நீடித்தால் ஈரலில் கொழுப்பு படிந்துவிடும்.

சாக்கில் போட்டு விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பசி தாகத்தில் தவிக்கும்படி பூனையைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அச்சட்டம் சொல்லும் அபராதம் 10 முதல் 50 ரூபாய்! இந்தத் தொகை இன்னும் அப்படியே நிற்பது வெட்கக்கேடு. விஷம் வைப்பதும் ஊனமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் வரும். 5 ஆண்டு வரை சிறை உண்டு. கண்ணெதிரே நடந்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

மாதக்கணக்கில் முயன்றும் இரண்டும் ஒத்துவராத வீடுகள் உண்டு. அப்போது வேறு வீடு தேட வேண்டியது குட்டிக்குத்தான். குட்டியை எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்கும். பத்து வயதுப் பூனையைக் கேட்டு யாரும் வருவதில்லை.