மின் சக்கர நாற்காலியும் வாகனப் பிரயாணமும்

வெள்ளவத்தையில் வாழும் என் தமக்கையின் கணவர், நடக்கும் ஆற்றலை இழந்தபின், மின்சக்தியால் இயங்கும் சக்கர நாற்காலியிலேயே பொழுதைக் கழிக்கின்றார். கொட்டாஞ்சேனையில் நிகழ்ந்த உறவினர் திருமணமொன்றிற்கு அவரை நாற்காலியோடு வான் ஒன்றில் ஏற்றிச் சென்றோம். நாற்காலியின் கைப்பிடிகளை நைலோன் கயிற்றால் ஆசனக் கால்களுடன் பிணைத்தவன் யானே. காலி வீதியில் பேருந்தொன்று குறுக்கிடவே சாரதி பிறேக்கை அழுத்தினார். கைப்பிடி கழன்றது, நாற்காலி ஒரு முழம் முன்னே பாய்ந்தது. அத்தானுக்கு முழங்காலிற் காயம் மட்டுமே. கலைப்பட்டதாரியாகிய யான் நியூற்றனைப் பள்ளியோடு மறந்தவன். மறுநாளே சக ஆசிரியரொருவரிடம் விஞ்ஞான நூலொன்றை இரவல் வாங்கினேன்.

ஓடும் வண்டியினுள் இருக்கும் பொருள்கள் யாவும் வண்டியின் வேகத்தையே உடையன. வண்டி சடுதியாக நிற்கும்போது, தடுப்பாரின்றேல் அவை அவ்வேகத்துடனே முன்செல்லும். வாகனத்தில் ஆசனமாகப் பயன்படும் சக்கர நாற்காலிகளுக்குரிய சர்வதேச நியமம் 7176 ஆம் இலக்கத்தின் 19 ஆம் பகுதியாகும். அதன் பரிசோதனையில், மணிக்கு 48 கிலோமீற்றர் வேகத்தில் நிகழும் மோதல் பாவனை செய்யப்படுகின்றது. அவ்வேளை எழும் வேகத்தேய்வு புவியீர்ப்பின் ஏறத்தாழ 20 மடங்கு. பற்றரிகளோடு 100 கிலோகிராம் நிறையுள்ள நாற்காலி, அக்கணத்தில் 2,000 கிலோகிராம் பாரம்போல இழுக்கும் என்பது இதன் பொருள். அருகிருந்து கையாற் பிடித்துக்கொள்வோம் என எண்ணுவோர் இக்கணக்கைச் சிந்திப்பாராக.

இயலுமாயின், பயணியை வாகனத்தின் சொந்த ஆசனத்திற்கு மாற்றி, வெறும் நாற்காலியைத் தனியே கட்டுவதே உத்தமம். மாற்ற இயலாதவிடத்து நாற்காலி முன்னோக்கியே நிற்றல் வேண்டும்; பக்கவாட்டில் நிறுத்துதல் ஆபத்தானது. முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக நான்கு பட்டிகள் தேவை. இவை நாற்காலியின் பிரதான சட்டத்தில், கொழுக்கி அடையாளமிட்ட இடங்களிற் பிணைக்கப்படல் வேண்டும். கைப்பிடி, பாதந்தாங்கி, சில்லு ஆகியன இதற்கு உதவா. பின்பட்டிகள் தரையோடு 30 முதல் 45 பாகை வரை சரிந்திருப்பது நன்று. மறுமுனை வண்டியின் உலோகக் கட்டமைப்பிற் பொருந்தவேண்டுமேயன்றி, தரைப்பலகையில் அறைந்த ஆணியிலன்று.

மின்விசையை நிறுத்தியதும் இந்நாற்காலிகளின் மோட்டார்த் தடுப்பு தானே பூட்டிக்கொள்ளும். ஆயினும், தள்ளிச் செல்வதற்காக விடுவிக்கும் நெம்புகோல் விடுபட்டிருப்பின் அத்தடுப்பு வேலை செய்யாது; எங்கள் பயணத்தில் அதனையும் எவரும் பார்க்கவில்லை. தடுப்புப் பூட்டியிருப்பினும் அது சில்லைத்தான் நிறுத்தும். நாற்காலி வழுக்குவதையோ கவிழ்வதையோ தடாது.

நாற்காலியைக் கட்டுவது ஒன்று. மனிதரைக் காப்பது வேறொன்று. உடலை நேராக இருத்துதற்கென நாற்காலியிலேயே உள்ள பட்டி மோதலைத் தாங்காது. வாகனத்தோடு இணைந்த ஆசனப்பட்டி, வயிற்றின்மீதன்றி இடுப்பெலும்பின்மீது தாழ்ந்தும், தோளையும் மார்பையும் குறுக்காகத் தழுவியும் அமைதல் வேண்டும். முன்தட்டு இருப்பின் கழற்றிவிடுக.

இலங்கையில் வலுவிழந்தோர் உரிமைச் சட்டம் 1996 இலும், பொதுக் கட்டடங்களை அணுகுதல் பற்றிய விதிகள் 2006 இலும் வந்தன. ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை நாடு 2016 இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 9 ஆம் உறுப்புரை போக்குவரத்தையும் குறிப்பிடுகின்றது. எனினும், மண்டப வாசலிற் சாய்தளம் உண்டா என விசாரிக்கும் நாம், அவ்வாசல்வரை செல்லும் வண்டியைப்பற்றி விசாரிப்பதில்லை.

இப்போது நாற்பட்டியும் தரைத் தண்டவாளமும் பொருத்திய வான் ஒன்றையே அமர்த்துகின்றோம். கட்டி முடிக்கக் கால் மணி நேரம் செல்கின்றது. அத்தான் முணுமுணுத்தாலும், நான்காவது பட்டியைத் தாமே இழுத்துப் பார்க்கும்படி என்னிடம் சொல்லத் தவறுவதில்லை.