முன்பணம் என்னும் விலங்கு

நுழையும்முன்

மனித வணிகம் என்றவுடன் இருளில் நிகழும் ஆள்கடத்தலே பலரது நினைவுக்கு வருகிறது. பெரும்பாலும் அது பட்டப்பகலில், அறிமுகமான ஒருவரின் இனிய சொல்லோடும் அவர் கையில் தரும் சிறு தொகையோடும் தொடங்குகிறது. அத்தொடக்கத்தை இனங்கண்டுகொள்வதே தடுப்பின் முதற்படி. அதனை விளக்குகிறது இவ்வுரைநடைப் பகுதி.

மனித வணிகம் என்பது யாது?

மனித வணிகத்தைத் தடுப்பதற்கான உடன்படிக்கை ஒன்றை ஐக்கிய நாடுகள் அவை 2000ஆம் ஆண்டில் ஏற்றது. இந்தியா 2011இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. அவ்வுடன்படிக்கை மனித வணிகத்தை மூன்று கூறுகளால் வரையறுக்கிறது. ஒருவரை ஆள்சேர்த்தல், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லல், அடைக்கலம் தருவதுபோல் தம்மிடம் வைத்திருத்தல் ஆகியவை செயல்கள். அச்சுறுத்தல், வஞ்சகம், வறுமையைப் பயன்படுத்திக்கொள்ளுதல் முதலியன வழிமுறைகள். உழைப்பையோ உடலையோ சுரண்டுதல் நோக்கம். பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறையாதவராயின் வழிமுறையை ஆராய வேண்டியதில்லை. செயலும் நோக்கமும் இருந்தாலே அது மனித வணிகமாகும்.

கடனின் பழைய முகம்

பிரித்தானியப் பேரரசு 1834இல் அடிமை முறையை ஒழித்தது. அடிமைகளின் உழைப்பை இழந்த தோட்ட முதலாளிகள் இந்தியாவின் ஏழை உழவர்களை நாடினர். ஒப்பந்தக் கூலிகளாக மொரீசியசு, நேட்டால், பிஜி முதலிய நாடுகளுக்குத் தமிழர்களும் கப்பலேறினர். கையொப்பமோ கைரேகையோ இட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பலர் அறியவில்லை. இவ்வொப்பந்த முறையில் ஆள் அனுப்புவது 1917இல் நிறுத்தப்பட்டது.

இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள்சேர்த்தனர். கங்காணி பெரும்பாலும் அவ்வூரார். சில வேளைகளில் உறவினர். வழிச்செலவுக்கென அவர் தந்த முன்பணம், தோட்டத்தை அடைவதற்குள் கடனாகிவிடும். ‘துண்டு’ என்னும் முறை அக்கடனை மேலும் இறுக்கியது. குறிப்பிட்ட தொகையைச் செலுத்தினால் தொழிலாளரை விடுவிப்பதாகத் தோட்ட நிருவாகம் எழுதித் தரும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தித் தொழிலாளரைப் பெற்றுக்கொள்ளும். தோட்டம் மாறினாலும் கடன் மாறவில்லை. இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இன்றைய வடிவங்கள்

துண்டுச்சீட்டு மறைந்தது, முன்பணம் மறையவில்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டப் பகுதிகளின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்கள் பலமுறை மீட்கப்பட்டுள்ளன. ஒடிசாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர்களும் சூளைகளிலிருந்து மீட்கப்பட்டுள்ளனர். மருத்துவச் செலவு, திருமணம், வேலையில்லா மழைக்காலம் ஆகியவையே அவர்களை முன்பணம் வாங்கச் செய்கின்றன. சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது. வாரந்தோறும் உணவுக்கு மட்டும் சிறு தொகை தரப்படுகிறது. மிகுதி முன்பணத்தில் கழிக்கப்படும் என்று சொல்லப்படுகிறது. கணக்கேடு முதலாளியிடமே இருக்கிறது. பருவம் முடியும்போதும் கடன் எஞ்சி நிற்கிறது. பெற்றோருடன் சென்ற பிள்ளை கல் புரட்டுகிறது. பள்ளியில் அதன் இருக்கை காலியாகிறது.

கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகள் சிலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்கள் சேர்க்கப்பட்டனர். மூன்றாண்டு வேலை செய்தால் திருமணத்திற்குப் பெருந்தொகை கிடைக்கும் என்பது வாக்குறுதி. அத்தொகை அவர்களது கூலியிலிருந்தே பிடித்துவைக்கப்பட்டது. விடுதியை விட்டு வெளியே செல்லக் கட்டுப்பாடுகள் இருந்தன. உடல்நலம் குன்றி இடையில் நின்றவர்கள் பலர் வெறுங்கையோடு வீடு திரும்பினர். இங்கு முன்பணம் இல்லை. பின்னர்த் தருவதாகச் சொன்ன பணமே விலங்காயிற்று.

படித்த இளைஞர்களும் இவ்வலையிலிருந்து தப்பவில்லை. தாய்லாந்தில் கணினி வேலை என நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணையவழி மோசடியில் ஈடுபடக் கட்டாயப்படுத்தப்பட்டனர். அவர்களுள் பலர் 2022ஆம் ஆண்டு முதல் மீட்கப்பட்டு வந்துள்ளனர்.

சட்டத்தின் துணை

இந்திய அரசமைப்பின் 23ஆம் பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடைசெய்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைகளை விடுவித்ததோடு, அவர்களைப் பிணைத்த கடனையும் செல்லாததாக்கியது. அழிந்துபோன அக்கடனுக்காகப் பணம் பெறுவதும் தண்டனைக்குரிய குற்றமாகும்.

“அவர்கள் தாமாகத்தானே வந்தார்கள்?” என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. அதற்கு உச்ச நீதிமன்றம் 1982இல் விடையளித்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், வறுமையின் நெருக்கடியும் ஒருவகைக் கட்டாயமே என்று அது விளக்கியது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பாகும் என்று தீர்ப்பளித்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவின்படி, மனித வணிகக் குற்றத்தை முடிவுசெய்கையில் பாதிக்கப்பட்டவரின் இசைவைக் கருத்தில் கொள்ளத் தேவையில்லை. ஒரு குழந்தையை இவ்வாறு வணிகப்படுத்தியவருக்குப் பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல் தண்டனை உண்டு. அது ஆயுள் தண்டனையாகவும் நீளலாம்.

தடுக்கும் வழிகள்

ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முன்பே தடுப்புத் தொடங்க வேண்டும். வேலைக்கு அழைப்பவர் உறவினரே ஆயினும் சில வினாக்களைக் கேட்பது தவறாகாது. வேலை தரும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் எவை? கூலி மாதந்தோறும் கைக்கு வருமா? விரும்பும்போது வெளியேறலாமா? அடையாளச் சான்றுகளைத் தம்மிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்களா? இவற்றுக்கு விடை தர மறுப்பவரிடம் ஐயம் கொள்ள வேண்டும். வெளிநாட்டு வேலையாயின், முகவர் இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை உறுதிசெய்ய வேண்டும். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புவதாகக் கூறுவது வஞ்சகத்தின் தெளிவான அடையாளம்.

உடன்பயிலும் ஒருவர் திடீரெனப் பள்ளிக்கு வராது போனால், அதனை முதலில் அறிபவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரே. அச்செய்தியை உடனே ஆசிரியரிடம் கூறுவது ஒரு வாழ்வைக் காக்கலாம். தாமே மீட்கச் செல்வது ஆபத்தானது. தகவல் தருவதே மாணவர் கடமை.

மீட்போடு பணி முடிவதில்லை. விடுதலைச் சான்றிதழும் மறுவாழ்வு உதவியும் உரிய காலத்தில் கிடைக்காத குடும்பம், அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் முன்பணத்திற்குக் கைநீட்டும். எளிய கடனுதவி, நிலம், வீடு, பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவை அமைந்தால்தான் விடுதலை நிலைபெறும்.

தெரிந்து தெளிவோம்

• குழந்தைகள் உதவி எண்: 1098; பெண்கள் உதவி எண்: 181; அவசர உதவி எண்: 112.
• கொத்தடிமைகளை மீட்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு உண்டு.
• மீட்கப்பட்டவர்க்கான மறுவாழ்வுத் தொகையை 2016ஆம் ஆண்டின் மைய அரசுத் திட்டம் 1 இலட்சம் முதல் 3 இலட்சம் ரூபாய் வரை உயர்த்தியது.
• சூலை 30 உலக மனித வணிக எதிர்ப்பு நாள்.

வறியவரின் தேவையை விலையாக மாற்றுவதே மனித வணிகத்தின் அடிப்படை. அத்தேவையை அண்டை வீட்டாரும் பள்ளியும் அரசும் முன்னரே அறிந்து துணைநின்றால், முன்பணத்தோடு வரும் தரகருக்கு அவ்வூரில் வேலை இராது.