கொள்ளுப்பாட்டி சொல்லாத கதை!

கொள்ளுப்பாட்டியின் பழைய பெட்டியில் ஒரு ஜோடி சின்னஞ்சிறு பூட்ஸ்! எந்தக் குழந்தை போட்டது? வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அயர்லாந்து நாட்டில் இப்படித் திகைப்பவர்கள், 1911-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கைத் தேடிப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு ஒரு தாள். பெரும்பாலும் குடும்பத் தலைவரே கைப்பட எழுதியது. எழுதத் தெரியாதவர்களுக்குப் போலீஸ்காரர் எழுதிக் கொடுத்தார். அவர்கள் பெருக்கல் குறி போட்டார்கள்.

கல்யாணமான பெண்களின் குழந்தைகளைப் பற்றி அதில் இரண்டு கேள்விகள். பிறந்த குழந்தைகள் எத்தனை? உயிரோடு இருப்பவை எத்தனை?

முதல் கட்டத்தில் ஏழு, அடுத்ததில் ஐந்து என்று இருந்தால்? அவள் வாய்விட்டுச் சொல்லாத துக்கம் தெரிந்துவிடும். அந்தப் பூட்ஸின் கதையும் அதுவாக இருக்கலாம்!

1901-க்கு முந்திய கணக்குகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. சிலவற்றைச் சர்க்காரே அழித்தது. மற்றவை 1922-ல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் நகரில் எரிந்து சாம்பலாயின.

நம் நாட்டிலோ, 1948-ம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டுவாரிக் கணக்கை யாருக்கும் காட்டமாட்டார்கள். ஆகவே, வீட்டுப் பெரியவர்கள்தான் நமக்குக் கணக்குப் புத்தகம். இன்றே பழைய படங்களை எடுத்து அவர்களிடம் கேளுங்கள். யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள்!