"படத்தில இருக்கிற மாமா எங்கை?"

2009 மே மாதத்துக்குப் பின்னர் பிறந்த எங்கள் பிள்ளைகள் பங்கருக்குள் இருந்ததில்லை. ஆனால் மே மாதம் வந்தால் அம்மம்மா பேச்சைக் குறைப்பதையும், ஹெலிகொப்டர் சத்தத்துக்கு அம்மா திடுக்கிடுவதையும் கவனிக்கிறார்கள். சுவரில் மாலை போடாத ஒரு படத்தையும் பார்க்கிறார்கள். பிறகு ஒருநாள் கேட்கிறார்கள்.

"வெளிநாட்டில நிக்கிறார்", "உனக்கேன் இப்ப அது, போய்ப் படி" என்பவை நாங்கள் வழமையாகச் சொல்லும் பதில்கள். பிள்ளை நோகக்கூடாது என்பதே நோக்கம். ஆனால் இதை வீட்டில் கேட்கக்கூடாது என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்கிறது. மிச்சத்தைக் கைத்தொலைபேசியில் தேடுகிறது. அங்கே வரும் காட்சிகளைப் பார்க்கும்போது பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் இது இன்னும் கடினம். உடலும் இல்லை, கிரியையும் இல்லை, முடிவும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இதனைத் தெளிவற்ற இழப்பு என்று விளக்கினார். இங்கே நம்பிக்கையும் துக்கமும் ஒன்றாகவே இருக்கும். ஒன்றைக் கைவிட்டால்தான் மற்றதைப் பேசலாம் என்றில்லை. ஆகவே பிள்ளைக்கு "இறந்துவிட்டார்" என்று சொல்லத் தேவையில்லை. பொய்யும் தேவையில்லை. "மாமா எங்கையெண்டு எங்களுக்குத் தெரியேல்லை. இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறம்" என்பது ஆறு வயதுப் பிள்ளைக்குப் போதும்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வளர்ந்த பிள்ளையென்றால், அது ஏற்கனவே என்ன கேள்விப்பட்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அவர் எப்படித் தொலைந்தார் என்பதோடு நிறுத்தாமல், எப்படி வாழ்ந்தார் என்பதையும் சொல்லுங்கள். என்ன விளையாடினார், எதற்குச் சிரித்தார் என்று அறிந்தால் அவர் பிள்ளைக்கு உறவாகிறார். ஆனால் "நீதான் அவருக்குப் பதில்" என்ற பாரத்தைப் பிள்ளையின் தலையில் வைக்க வேண்டாம்.

பேசும்போது அழுகை வந்தால் மறைக்க வேண்டியதில்லை. "அம்மாவுக்கு இப்ப கவலையா இருக்கு. உன்னில பிழையில்லை. பிறகு சொல்லுறன்" என்று சொல்லலாம். சொன்னபடி பிறகு சொல்லவும் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே தாக்குகிறது என்று எழுதிவந்தார். நித்திரையின்மை, காரணமில்லாத கோபம், குடி ஆகியவை பெற்றோரிடம் தொடர்ந்தால் அதன் பாதிப்பு பிள்ளைக்கும் போகும். அதற்கு உதவி தேடுவதும் பிள்ளை வளர்ப்புத்தான். அரச வைத்தியசாலை உளநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.