பருவம் வகுத்த வாழ்வு – 8: ஆறு வற்றிய நாளின் உற்சவம்

சென்ற இதழில் மார்கழிப் பனியில் கதிர் முற்றும் சம்பா வயல்களைப் பற்றிச் சொன்னேன். அறுவடை முடிந்து களம் ஒழிந்தபின் காவிரிக் கரையார் தம் அவகாசத்தை எவ்விதம் போக்கி வந்தனர் என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை ஆனி ஆடியில் புதுப்புனலாகத் தஞ்சைச் சீமையில் இறங்குவதும், 1934-ல் மேட்டூர் அணை எழுந்தபின் ஜூன் 12-ல் நீரைத் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது என்ற வழக்கம் ஏற்பட்டதும் யாவரும் அறிந்ததே. அந்த ஏழரை மாதத்துக்குள் நாற்றுவிட்டு, சேறடித்து, நட்டு, களையெடுத்து, ஐப்பசி அடைமழையில் வயலில் தேங்கிய நீரை இரவு பகல் பாராமல் வடியவிட்டுக் கதிரைக் காக்கும் குடியானவனுக்கு உடம்பைச் சாய்க்கவும் பொழுதிராது. அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற பயிரின் நடுவே ஈரமண்ணில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவான். அவை பாய்ச்சலை எதிர்பாராமல், மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் உண்டே காய்த்துவிடும். அதையும் பறித்து வீடு சேர்த்தபின் வயல் வெறுமையாகிறது. அப்போது இராமநாதபுரத்து ஆட்டிடையர்களான கீதாரிகள் ஆடுகளை ஓட்டிவந்து, வயலுக்கு எருவாகக் கிடை போடுகிறார்கள். மனிதன் ஓய்ந்திருக்கும் அதே காலத்தில் மண்ணும் ஓய்ந்து, அந்த ஓய்விலேயே அடுத்த போகத்துக்கான சாரத்தைச் சேர்த்துக்கொள்கிறது.

இந்தப் பருவத்தில்தான் திருவையாற்றில் சப்தஸ்தான உற்சவம் நடைபெறுகிறது. நந்திகேசுவரரின் கல்யாணம் பங்குனியில் திருமழபாடியில் நிறைவேறியபின், சித்திரையில் ஐயாறப்பர் அம்பிகையோடும் மணமக்களோடும் பல்லக்கேறி, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் ஆகிய ஊர்களை வலம் வந்து திருவையாறு திரும்புவார். கல்யாணத்துக்குச் சோறு ஓரூரிலிருந்தும், பழம் ஓரூரிலிருந்தும், பூவும் நெய்யும் வேறு வேறு ஊர்களிலிருந்தும் வந்தன என்பது ஐதிகம். பல்லக்கைச் சுமப்பவை அவ்வூர்க்காரர்களின் தோள்களே. ஆடியில் கரை புரண்டோடிய காவிரியும் குடமுருட்டியும் வற்றிக் கிடக்க, சுடுகிற மணலில் கால் புதையப் புதைய, தோள் மாற்றித் தோள் மாற்றி அவர்கள் ஆற்றைக் கடக்கிறார்கள். வயலில் பயிர் நின்றால் ஆள் கிடைக்காது. ஆற்றில் நீர் ஓடினால் வழி கிடைக்காது. இவ்விரண்டையும் எண்ணிப் பார்க்கும்போது, இவ்விழா கோடையில் வாய்த்ததன் பொருத்தம் நன்கு விளங்குகிறது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. களஞ்சியம் நிறைந்தவனுக்கு விச்ராந்தியாக அமைந்த இக்கோடை, கூலியை நம்பிய பண்ணையாளுக்கு வேலையற்ற, அடுப்பெரியாத காலமாகவும் இருந்தது. உழைத்த மாதங்களின் பலன் உழைத்தவன் வீட்டிலும் தங்கினாலன்றி ஓய்வு என்பது ஓய்வாகாது. பசியோடு கூடிய சும்மா இருத்தல் தண்டனையே ஆகும்.

உழைத்தபின் ஓய்வு, அந்த ஓய்வில் உணவு என்ற இத்தர்மத்தின் இரு பகுதிகளையும் இன்று ஒருங்கே காண விரும்புவோர் நமது கிழக்குக் கடற்கரைக்குச் செல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனம் பெருகும் பொருட்டு, விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள். கிழிந்த வலையைப் பின்னுகிறார்கள். அந்நாட்களுக்கென்று மீனவக் குடும்பங்களுக்கு அரசாங்கம் நிவாரணத் தொகை வழங்குகிறது. தொகை போதாதென்ற குறை நியாயமானதே. எனினும் ஓயச் சொல்பவர் உணவுக்கும் வழி செய்யவேண்டும் என்ற கொள்கை அதில் ஏற்கப்பட்டிருக்கிறது.

நகரத்தில் வாழும் நமக்கு நிலமும் கடலும் நாள் குறித்துக் கொடுப்பதில்லை. ஆனால் கணக்கு முடிக்கும் மார்ச்சு மாதம் வணிகனுக்கும், பரீட்சைக் காலம் ஆசிரியனுக்கும் நடவுக் காலத்தை ஒத்தவையே. அப்பருவத்தில் முழு மூச்சாக உழைத்து, அது கழிந்தபின் உறவினரோடும் ஊராரோடும் கூடியிருக்கும் நாட்களை ஆண்டின் தொடக்கத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளல் வேண்டும். மிஞ்சினால் ஓய்வோம் என்றிருப்பவனுக்கு ஒரு நாளும் மிஞ்சுவதில்லை. நம்மிடம் வேலை செய்வோருக்கும் அந்நாட்களைக் கூலி குறையாமல் அளித்தோமானால், பருவத்தோடு இசைந்த வாழ்வு ஒரு சிலரின் சௌகரியமாக நின்றுவிடாமல் எல்லோருடைய நல்வாழ்வாகவும் ஆகும்.

(தொடரும்)